ஆட்காட்டி எழும்பாத நாள்

பங்குனி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் காரமடைக்கு மேற்கே நிலமெல்லாம் வெந்த நிறத்துக்கு வந்துவிட்டது. கிளுவை வேலியில் பேருக்கு ஒரு இலை கிடையாது, வெறும் குச்சி. நீலகிரி மலை இருக்க வேண்டிய இடத்தில் புகைமூட்டம்தான் இருந்தது. காலை எட்டு மணிக்கே தரையிலிருந்து சூடு கிளம்பி வேட்டிக்குள் ஏறியது. வேப்பமரம் ஒன்று மட்டும் யாரையும் கேட்காமல் மேலெல்லாம் பூத்துக்கொண்டு நின்றது.

எனக்கு அறுபத்து மூன்று வயது. பேர் வெள்ளியங்கிரி. சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தவன். முப்பத்து நான்கு வருடம் மெஷினைத்தான் பார்த்தேன். மரத்தையும் குருவியையும் நின்று பார்க்கிறவர்களைக் கண்டால் வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட என்னைத் தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்து ஆட்காட்டிக் குருவி அடைகாக்கிறதைப் பார்க்க வைத்தது என் மனைவி ராசாத்தாளின் கண்.

அவளுக்கு வலது கண் சிறுவயதிலேயே போய்விட்டது. சோளத்தட்டு அறுக்கும்போது குத்தியது. அதில் வெளிச்சமும் ஆள் நிழலும் தெரியும், அவ்வளவுதான். மிச்சமிருந்த இடது கண்ணில் விழித்திரையின் நடுவே ஓட்டை விழுந்துவிட்டது என்று பீளமேட்டில் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே ஏதோ ஒரு வாயுவைக் குமிழியாக விட்டிருக்கிறார்கள். அந்தக் குமிழி ஓட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதற்குப் பதினான்கு நாள் குப்புறப் படுக்க வேண்டும். சோறு தின்னவும் வெளிக்குப் போகவும் எழுந்திருக்கலாம், அப்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும். ஊட்டிப் பக்கம் போகவே கூடாது, மலை ஏறினால் குமிழி உப்பிவிடும் என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னாள். நாங்கள் ஊட்டிக்குப் போய் இருபது வருடம் ஆகிறது.

சிங்காநல்லூர் வீட்டில் முதல் நாளே தெரிந்துவிட்டது, இது நடக்காத காரியம் என்று. சேதி தெரிந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கையில் ஹார்லிக்ஸ், ஆப்பிள், பிரெட். எங்கள் பக்கத்தில் ஒருத்தரோடு வெட்டுக்குத்துக்கூட நடந்து பிறகு சமாதானம் ஆகலாம். ஆனால் வாசலுக்கு வந்தவரை முகம் பார்த்து "வாங்க" என்று சொல்லாமல் விட்டால் அது மூன்று தலைமுறைக்கும் ஆறாது. ராசாத்தாள் ஒவ்வொருத்தருக்கும் தலையைத் தூக்கினாள். "வாங்கக்கா, வாங்க. எப்ப வந்தீங்க, உக்காருங்க." நான் எண்ணிப் பார்த்தேன். முதல் நாள் மட்டும் பதினொரு தடவை.

"தலையத் தூக்காத புள்ள. படுத்த வாக்குலயே சொன்னா ஆகாதா?" என்றேன்.

"மூஞ்சியப் பாக்காம வாங்கன்னு சொல்றது நாயக் கூப்படறதுக்குச் சமானமுங்க," என்றாள்.

அதனால்தான் மறுநாளே என் பழைய ஷிப்ட் கூட்டாளி வெங்கடபதியிடம் சாவி வாங்கிக்கொண்டு அவருடைய தோட்டத்துச் சாளைக்கு வந்துவிட்டோம். வெங்கடபதி மகன் வீட்டுக்குப் பெங்களூர் போயிருந்தார். ஓட்டுக் கூரை போட்ட ஒரே அறை, முன்னால் ஓலைப் பந்தல், பின்னால் தொட்டி. ஒரு பக்கம் தென்னை, இன்னொரு பக்கம் சோளம் அறுத்துவிட்டுச் சும்மா போட்ட காடு. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று மகள் லோகப்பிரியாவைத் தவிர யாருக்கும் தெரியாது. என் வேலை இரண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கண்ணில் மருந்து விட வேண்டும். மற்ற நேரம் பந்தலில் உட்கார்ந்து, தப்பித் தவறி யாராவது வந்தால் கேட்டிலேயே நிறுத்தி அனுப்ப வேண்டும்.

கயிற்றுக் கட்டிலின் தலைமாட்டில் கயிற்றை நெகிழ்த்தி முகம் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து வைத்தேன். அதைச் சுற்றிப் பழைய சீலையில் சும்மாடு கட்டி வைத்தேன். ராசாத்தாள் அதில் முகத்தை வைத்துக்கொண்டு நாளெல்லாம் தரையைப் பார்த்துக் கிடந்தாள். பார்த்துக் கிடந்தாள் என்று எழுதுகிறேன், அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் மூட்டம். அவளுக்கு இருந்தது காதுதான்.

எனக்கு அது கிடையாது.

இதை இங்கே எழுதுவது சுலபம். வாயால் சொன்னதில்லை. மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் ஓடுகிற ஹாலில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. நாங்களெல்லாம் உதட்டைப் பார்த்தும் கை ஜாடையிலும்தான் பேசிக்கொள்வோம். அதில் பழகிய பழக்கத்தில் காது போனது எனக்கே நாலைந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கனத்த சத்தம் கேட்கும். மெல்லிய சத்தமும், முதுகுக்குப் பின்னால் பேசுகிற பேச்சும் கேட்காது. எதிரே நிற்கிறவரின் உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவேன். காது கேட்காதென்று தெரிந்தால் ஃபோர்மேனை குடோனுக்கு மாற்றிவிடுவார்கள், அதனால் அப்போது சொல்லவில்லை. பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது. செவிடன் என்று சொல்வதைவிடத் திமிர் பிடித்தவன் என்று சொல்வது எனக்குத் தேவலையாக இருந்தது.

ராசாத்தாள் குப்புறப் படுத்திருந்ததில் எனக்கு வந்த சங்கடம் இதுதான். அவள் வாயை நான் பார்க்க முடியாது. அதனால் அவள் ஏதாவது சொல்கிற மாதிரி முதுகு அசைந்தால் நான் கட்டிலுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துக்கொள்வேன். மேலே சந்தில் அவள் முகம் தெரியும்.

"அங்க எதுக்குங்க போய்ப் படுக்கறீங்க?" என்று சாளைக்கு வந்த முதல் நாள் கேட்டாள்.

"தரை குளுகுளுன்னு இருக்குது," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நான் ஏய்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"இந்தச் சில்வண்டு சத்தம் மண்டையப் பொளக்குதுங்க. எந்த மரத்துல கத்துதுன்னு பாருங்க," என்பாள். எனக்கு உலகம் அமைதியாக இருந்தது. வெளியே போய் வேப்பமரத்தைச் சுற்றி வந்து, பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த காலிக் கூட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் வைப்பேன். "ஒருத்தன் டொக்கு டொக்குன்னு பாத்திரம் தட்டறான்," என்பாள். தேடிப் போனால் அத்திமரத்து உச்சியில் பச்சைக் குருவி ஒன்று, நெற்றியிலும் நெஞ்சிலும் சிவப்புப் பொட்டு, தொண்டையைப் புடைத்துப் புடைத்து உட்கார்ந்திருக்கும். எனக்கு அது சும்மா தலையாட்டுகிற மாதிரிதான் இருக்கும். திரும்பி வந்து நிறத்தைச் சொல்வேன். அவள் சத்தத்தைச் சொன்னாள், நான் உருவத்தைச் சொன்னேன். இருவரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

அழகாக இருக்கிறதே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு அலுத்துப்போயிருந்தது. ராத்திரி சரியாகத் தூக்கம் கிடையாது. சோறாக்க வேண்டும், அவளைத் தலை குனிந்தபடி தொட்டிக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைக்க வேண்டும், மருந்து விட வேண்டும், அவள் சொல்கிற குருவியைத் தேடி வெயிலில் அலைய வேண்டும். அவளுக்குக் கழுத்தும் தோளும் கட்டையாகிப்போயிருந்தது. எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் என் கை விரல்கள் மடங்காது. புங்கமரம் புதுத் தளிர் விட்டுக்கொண்டு பளபளவென்று நிற்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வந்தது. இந்த வெயிலில் உனக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்கத் தோன்றும்.

ஆட்காட்டியை மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு. கேட்டிலிருந்து சாளைக்கு வரும் தடத்தை ஒட்டிச் சோளக்காட்டில் அது முட்டை வைத்திருந்தது. கூடு என்று ஒன்றும் இல்லை. நாலு கூழாங்கல்லைத் தள்ளிவிட்டு நடுவில் நாலு முட்டை, மண் நிறத்தில் கறுப்புத் தீற்றல். பக்கத்தில் நின்றாலும் தெரியாது. உச்சி வெயிலில் தாய் எழுந்து தென்னைக்குப் போகும் சொட்டுநீர்க் குழாய் ஒழுகித் தேங்கிய இடத்துக்குப் போகும். வயிற்றை அதில் நன்றாக அழுத்தி நனைத்துக்கொண்டு ஓடி வந்து முட்டை மேல் உட்காரும். ஒரு மத்தியானத்தில் ஏழு தடவை எண்ணினேன். முட்டை வெந்துவிடாமல் இருக்க அந்தப் பாடு. அதைப் பார்த்தபோது, உலகத்தில் இந்த வேலை எனக்கு மட்டும் இல்லை என்று ஒரு ஆறுதல் இருந்தது.

இன்னொன்று, அது எனக்குக் காதாகவும் இருந்தது. தடத்தில் ஆளோ நாயோ வந்தால் போதும், இரண்டு பறவைகளும் விருட்டென்று மேலே கிளம்பிச் சுற்றும். சத்தம் எனக்குக் கேட்காவிட்டால் என்ன, எழும்புகிறது தெரியுமே. பால்காரன், கரண்டு ரீடிங் எடுக்கிறவர், வழி தவறி வந்த பன்றிக்குட்டி, எதுவாக இருந்தாலும் நான் கேட்டுக்குப் போய்விடுவேன். "உங்களுக்குப் பாம்புக்காதுங்க," என்று பால்காரன் சொன்னான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ராசாத்தாளின் அண்ணன் சென்னியப்பனைப் பற்றி இப்போது சொல்லிவிட வேண்டும். அன்னூர்ப் பக்கம் விவசாயம். அவள் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஏழு வருடத்துக்கு முன் லோகப்பிரியா கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு மண்டபத்துக்குள் வந்தவர், வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற என்னிடம் "மாப்ள, வந்துட்டமுங்க" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். நான் திரும்பவில்லை. சீரை வைத்தார், மாமன் செய்ய வேண்டிய காரியத்தையெல்லாம் குறையில்லாமல் செய்தார், பந்தியில் உட்காராமல் போய்விட்டார். பெண்ணைப் பெற்றவன் இவ்வளவு திமிராகவா இருப்பான் என்று ஊரில் பேச்சு. பெரியவர்கள் சமாதானத்துக்கு வந்து கேட்டபோது, "வேலைத் தொந்தரவுல கவனிக்கலீங்க," என்றேன். காது கேட்கவில்லை என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பெண்ணின் அப்பன் செவிடாம் என்று சம்பந்தி வீட்டில் பேசுவார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ராசாத்தாள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் மட்டும் அடுப்படியில் தனியாக நின்று அழுவாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஆட்காட்டி முட்டை பொரிந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துச் சேதி சொன்னேன்.

"நாலுமா?"

"மூணு. ஒண்ணு கூமுட்டையாட்ட இருக்குது."

"மூணு போதுமுங்க," என்றாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். முகத்தில் ரத்தம் இறங்கி வீங்கியிருந்ததால் சரியாகத் தெரியவில்லை. "இன்னும் ரெண்டு நாள்தான். ரெண்டு நாள் போனா நானும் வந்து பாக்கறனுங்க."

மருந்து விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தால் குஞ்சுகள் அங்கே இல்லை. கோழிக்குஞ்சு மாதிரிதான், பொரிந்து ஈரம் காய்ந்ததும் நடக்கத் தொடங்கிவிடும் போல. தாயும் தகப்பனும் அவற்றைத் தண்ணீர் ஒழுகும் பக்கமாகக் கூட்டிப் போயிருந்தன. எனக்கு அவற்றைப் பார்த்தே ஆக வேண்டும் போல இருந்தது. பந்தலை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடந்தேன். தாய்ப் பறவை என்னைத் திட்டுவது வாய் திறந்து திறந்து மூடுவதில் தெரிந்தது. நான் குந்த வைத்து உட்கார்ந்து காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மண்கட்டி ஒன்று நகர்ந்தது. குஞ்சுதான். குச்சிக் கால், கழுத்தில் வெள்ளைப் பட்டை. இரண்டு அடி ஓடும், தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், படுத்தால் அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிடும். மூன்றையும் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். கடந்த ஆறு மாதத்தில் எனக்கு அலுப்பே தெரியாமல் போன அரை மணி நேரம் அது ஒன்றுதான். சந்தோஷமாக இருந்தேன்.

தடத்தின் ஓரத்தில் இப்போது அடைகாக்க முட்டை இல்லை, காவலுக்குப் பறவையும் இல்லை. இது என் புத்தியில் உறைக்கவில்லை.

முட்டி வலிக்க எழுந்து திரும்பினேன். சாளைக்கு முன்னால், வெயிலில், ராசாத்தாள் மண்ணில் விழுந்து கிடந்தாள். ஒரு ஆள் அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி. பக்கத்தில் பை சாய்ந்து நுங்கு உருண்டு கிடந்தது. ஓடிப் போகும்போதுதான் அது சென்னியப்பன் மச்சான் என்று தெரிந்தது.

அவர் சொல்லித்தான் எனக்கு நடந்தது தெரியும். லோகப்பிரியாவிடம் போனில் விசாரித்துத் தங்கைக்குக் கண் போகப் போகிறதோ என்று பயந்து, ரோஷத்தையெல்லாம் விட்டுவிட்டுக் காரமடை வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் வந்து, ரோட்டிலிருந்து நடந்து வந்திருக்கிறார். கேட்டைத் திறந்துகொண்டு வந்தவர் என்னைப் பார்த்திருக்கிறார். இருபது அடி தூரம். "ஏனுங்க மாப்ள" என்று கூப்பிட்டிருக்கிறார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தேன். இன்னும் கிட்ட வந்து கூப்பிட்டார். திரும்பவில்லை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குத் திரும்பி நடந்துவிட்டார்.

உள்ளே ராசாத்தாளுக்கு மூன்று தடவையும் கேட்டிருக்கிறது. செருப்புச் சத்தம் திரும்பிப் போவதும் கேட்டிருக்கிறது. அவள் கட்டிலை விட்டு எழுந்து, கண்ணில் கட்டோடு, தலையைத் தூக்கிக்கொண்டு, "அண்ணா, வாங்கண்ணா, வாங்க" என்று ஓடி வந்தாள். பந்தல் முனையில் சொட்டுநீர்க் குழாயில் கால் மாட்டி முகம் அடிபட விழுந்தாள்.

விழுந்தவள் மண்ணைக்கூடத் துடைக்காமல் முதலில் சொன்னதும் அதுதான். அவள் உதட்டை நான் பார்த்தேன். "வாங்கண்ணா. உள்ள வாங்க."

"எதுக்கம்மணி எந்திரிச்சு வந்தே? குப்புறப் படுக்கோணும்னு லோகு சொன்னாளே," என்றார் மச்சான். பிறகு என்னைப் பார்த்தார். "மூணு தடவ கூப்ட்டனுங்க மாப்ள. காக்கா கத்துனாக்கூட மனுசன் திரும்பிப் பாப்பான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "குஞ்சப் பாத்துட்டு இருந்தனுங்க. கவனிக்கல," என்றேன். அதே வார்த்தை. இத்தனை வருடத்தில் வேறு ஒரு பொய்யைக்கூட நான் யோசித்து வைக்கவில்லை.

அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தோம். "வலிக்குதா?" என்று கேட்டதற்கு இல்லை என்று கையை ஆட்டினாள். நான் கட்டிலுக்கு அடியில் போனேன். மச்சான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அண்ணனுக்குச் சோறு போடுங்க," என்றாள் அவள். "அன்னைக்கு மண்டபத்துல சாப்புடாமப் போனவரு. இன்னைக்குச் சாப்புட்டுப் போட்டுத்தான் போகோணும்."

நான் தட்டப்பயறுக் குழம்பும் சோறும் போட்டேன். மோர் ஊற்றினேன். மச்சான் குனிந்துகொண்டே சாப்பிட்டார். கண்ணிலிருந்து சொட்டியது சோற்றில் விழுந்தது, அதைப் பிசைந்து தின்றார். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு ராசாத்தாளின் முதுகு அசைந்தது. நான் மறுபடியும் அடியில் போய்ப் படுத்தேன்.

"ஏனுங்க," என்றாள். "கண்ணுல ஒரு ஓரத்துல இருந்து கறுப்பா ஒண்ணு ஏறிட்டு வருதுங்க. விழுந்த கொஞ்ச நேரத்துல இருந்தே."

விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அவள் அண்ணன் சாப்பிட்டிருக்க மாட்டார். அதை என்னாலேயே புரிந்துகொள்ள முடிந்தது. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் தரையைக் கையால் குத்தினேன்.

மச்சான்தான் போன் செய்து காருக்குச் சொன்னார். பின் சீட்டில் அவர் மடியில் அவள் முகத்தைக் கவிழ்த்துப் படுத்துக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் வெயில் அடித்தது. பின்னால் அவர்கள் ஏதாவது பேசிக்கொண்டார்களோ என்னவோ. பேசியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, முன் சீட்டில் இருந்தவனுக்கு யார் உதடும் தெரியாது.

லோகப்பிரியா பீளமேட்டில்தான் வேலை பார்க்கிறாள். ஆபீசிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். உள்ளே கூட்டிப் போய் விளக்கடித்துப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, மூன்று மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்ததும் டாக்டர் நந்திதா லோகப்பிரியாவிடம் பேசினார். மகள் எனக்கு நேராக நின்றுகொண்டு திருப்பிச் சொன்னாள். விழித்திரை கீழ்ப்பக்கமிருந்து பிரிந்துவிட்டது. நாளைக் காலையில் மறுபடி ஆபரேஷன். இந்தத் தடவை குமிழிக்குப் பதிலாக எண்ணெய் விடுவார்கள். வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும். முகம் தெரியுமா என்றால் அதை இப்போது சொல்ல முடியாதாம்.

"சொல்ல முடியாதுன்னா தெரியாதுன்னுதான் அர்த்தம்பா," என்று லோகப்பிரியா அழுதாள்.

ராசாத்தாளை வார்டில் ஒரு இரும்புக் கட்டிலில் மறுபடியும் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். மச்சான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். டாக்டர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னவோ கேட்டார். முகத்தில் மாஸ்க் இருந்ததால் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வழக்கம்போலத் தலையை ஆட்டத் தயாராக இருந்தேன். லோகப்பிரியா பதில் சொன்னாள். அவள் உதட்டைப் படித்தேன். "அப்பா இருக்காருங்க டாக்டர். அம்மா கூடவே இருப்பாரு. கூப்ட்டா ஓடி வந்துருவாரு."

கேள்வி என்ன என்பது அந்தப் பதிலிலிருந்து எனக்குத் தெரிந்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் ஃபைலில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

கண் தெரியாதவள் இருட்டில் தட்டுத் தடுமாறி என்னைக் கூப்பிடுவாள். நான் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

"எனக்குக் காது கேக்காதுங்க," என்றேன்.

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு அம்மா எழுந்து உட்கார்ந்தாள். லோகப்பிரியா, "என்னப்பா?" என்றாள். "முன்னால நின்னு பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். பொறத்தால கூப்ட்டா கேக்காது. ராத்திரி வெளக்க அமத்திட்டா ஒண்ணும் கேக்காது. நான் ஒருத்தன் பத்தாதுங்க டாக்டர். வேற ஆளும் வேணும்," என்றேன். டாக்டர் மாஸ்க்கை இறக்கிவிட்டு, மெதுவாக, வாய் தெரிகிற மாதிரி, "சரிங்கய்யா," என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தால் ஆள் செத்துவிடுவதில்லை என்பதும் தெரிந்தது. அது இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்றே என்றுதான் இருந்தது.

மச்சான் எழுந்து என் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"எத்தன வருசமா மாப்ள?"

"மில்லுல இருக்கறப்பவே. பதினெட்டு வருசம் இருக்குமுங்க மச்சான்."

"அப்பக் கல்யாணத்தன்னிக்கு?"

"அன்னைக்கும் கேக்கலீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, தங்கையின் முதுகில் கையை வைத்து, குனிந்து எதையோ கேட்டார். அவர் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. "நீயாச்சும் ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லீருக்கலாமில்ல அம்மணி" என்பதாக இருக்கும்.

ராசாத்தாளின் முதுகு அசைந்தது. தரையைப் பார்த்து ஏதோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். அந்தக் கட்டிலுக்கு அடியில் பெட்டியும் குழாய்களும் அடைத்துக் கிடந்தன, போய்ப் படுக்க இடமில்லை.

"என்ன சொன்னாளுங்க மச்சான்?" என்று கேட்டேன். பதினெட்டு வருடத்தில் நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

அவர் எழுந்து வந்து என் காதோரம் வாயை வைத்து, வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "நீங்க மில்லுல இருக்கறப்பவே அவளுக்குத் தெரியுமாமுங்க. எங்கிட்டயாச்சும் ஒரு நாள் வாய் தொறந்து சொல்லுவாருன்னு இருந்தனுங்கண்ணா, அப்படீங்கறா."

வார்டில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது.